‘இல்லை’ என்று சொல்லாத தலைவர்: பர்கூர் போய்வந்த கதை

நைட் ஷிப்ட் முடித்த உடம்போடு பயணம் போகக் கூடாது. தெரிந்தேதான் போனேன். சித்தப்பா போன் மேல் போன் போட்டுவிட்டார். பர்கூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், ஐந்து வருடமாகப் பக்கத்து ஊரில் பஞ்சாயத்துத் தலைவர். மறுபடியும் நிற்கலாமா வேண்டாமா, நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல் என்றார். 2006 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், பதினேழு ரூபாய். சூளகிரி வரை நின்றேன். உட்கார இடம் கிடைத்த பிறகும் தூங்க முடியவில்லை. பக்கத்தில் இருவர் மாங்காய் விலைக்காகத் தெலுங்கில் அடித்துக்கொள்ளாத குறை. கிருஷ்ணகிரியில் மாறி பர்கூருக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கிரானைட் லாரிகள் பறித்த பள்ளங்களில் விழுந்து எழுந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது.

சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு வந்தவரிடம் ‘இல்லை’ என்று அவர் சொல்லவே மாட்டார். கேட்ட கலர் இல்லாவிட்டாலும், “வரும், அடுத்த வாரம் வாங்க” என்பார். இல்லை என்றால் லட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாளாம். புடவைக்கு இது சரி. தலைவரான பிறகு, குழாய் கேட்ட மேட்டுத் தெருக்காரர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறார். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறாது என்று இன்ஜினியர் முதல் வருடமே கைவிரித்துவிட்டாராம். அதை என்னிடம் சாவகாசமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, சண்டை போடத்தான் தெம்பில்லை. முதலில் ஊரிடம் உண்மையைச் சொல்லுங்கள், நிற்பதை அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அந்த நேரம் பார்த்து மேட்டுத் தெரு மஞ்சுளா குடத்தோடு வந்தார். அவர் கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வழக்கம்போல, குழாய் எப்போது வரும் என்று கேட்டார். சித்தப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்:

“வராதும்மா. மேட்டுக்குத் தண்ணி ஏறாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். மஞ்சுளா குடத்தைக் கீழே வைத்தார்.

“அப்பவே சொல்லியிருந்தா ஓசூர் பக்கத்துல மத்திகிரில வாடகைக்குப் போயிருப்போம்ண்ணா. தலைவரே வரும்னு சொல்றாருன்னுதான் இங்கயே கெடந்தோம். எம் பொண்ணுக்கு அவங்கப்பாவ ஞாயித்துக்கிழமைதான் தெரியும். இன்னிக்கு ஓவர்டைம்னு அதுவும் இல்ல.”

சித்தப்பா இனி நிற்கப்போவதில்லை. அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பர்கூருக்கு ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். கடைக்காரர் ‘வரும்’ என்றால் அடுத்த கடை ஏறுங்கள். இன்னொன்று. மஞ்சுளா குடும்பத்துக்கு மத்திகிரிப் பக்கம், தண்ணீர் வருகிற வாடகை வீடு வேண்டும். இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘பார்க்கலாம்’ என்று எழுதாதீர்கள். இல்லை என்றே எழுதிவிடுங்கள்.