ஒற்றை வரித் தாள்

அந்தத் தாள் இன்னமும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஒரு திகதி, ஒரு பெயர், ஒரு தலைப்பு. அச்சிட்டது ஒரேயொரு வரி. கீழே எங்கள் பணிப்பாளரின் கையெழுத்தில் 'பிந்தியது, நிராகரிக்கவும்' என்ற குறிப்பு. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யாழ்ப்பாண நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் நான் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கரையோரச் சங்கமொன்றுக்கு ஐஸ் அறை கட்டிக்கொடுக்க விண்ணப்பம் கேட்டிருந்தோம். ஐஸ் இல்லாத கரையில் மத்தியானத்துக்கிடையில் மீன் பழுதாகிவிடும். விண்ணப்பங்கள் மின்னஞ்சலில் குவிந்தன. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி மடல் தேடும் கருவி ஒன்றை நான்தான் போட்டுவைத்திருந்தேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு. கண்டுபிடித்ததை எந்த வடிவில் காட்டவேண்டும் என்று அதற்கு நாங்கள்தான் சொல்லவேண்டும். மடல்மடலாகவும் கேட்கலாம், கோப்புகளாகவும் கேட்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால், ஒரு மடலையும் அதன் கீழ்த் தொடர்ந்து வந்த மடல்களையும் ஒரே வரிக்குள் சுருக்கி, கடைசி மடலின் திகதியை மட்டும் முன்னால் போடும்.

பணிப்பாளருக்கு அந்தச் சுருக்கம்தான் வேதம். வாசிக்கத் தனக்கு நேரமில்லை என்பார். பத்திரிகையை மட்டும் விளம்பரம் விடாமல் வாசிப்பார். நானும் விண்ணப்பத்துக்கு ஒரு தாளாகச் சுருக்கத்தையே அச்சிட்டுக் கொடுத்தேன். மீனவப் பெண்கள் சங்கத் தலைவி அக்காவின் வரியில் முடிவு நாளுக்கு இரண்டு நாள் பிந்திய திகதி நின்றது. பணிப்பாளர் வெட்டிவிட்டார்.

நிராகரித்தது தெரிந்து அக்கா கந்தோருக்கே வந்தார். முடிவு நாளுக்கு நாலு நாள் முந்தியே மகளின் போனில் அனுப்பியதாகச் சொன்னார். ஓடிப்போய் மடல்மடலாகக் காட்டு என்று தட்டினேன். இரண்டு மடல்கள் வந்தன. முதலாவது விண்ணப்பம், நேரத்துக்கே வந்திருந்தது. நாங்கள் ஒருவரும் பதில் போடாததால், பிறகு அதன் கீழேயே அவர் மரியாதையாக ஒரு வரி கேட்டிருந்தார்: 'ஐயா, கிடைத்ததா?' அந்த வரியின் திகதியைத்தான் நாங்கள் விண்ணப்பத்தின் தலையில் கட்டியிருந்தோம்.

அதையும் அச்சிட்டுக்கொண்டு பணிப்பாளரிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"உதை இப்ப கதைச்சு என்ன? பட்டியல் கொழும்புக்குப் போட்டுது. அந்தத் தாளைத் தந்தது நீர்தானே."

கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ஒரு போன் எடுத்திருந்தால் திருத்தியிருக்கலாம். எடுக்கவில்லை, அந்த மனுசன். தான் எழுதியது பிழையென்று மேலிடத்துக்குத் தெரியக்கூடாதாம். இப்போது ஓய்வெடுத்து, மேடை மேடையாக மக்கள் சேவை பற்றிப் பேசித் திரிகிறார். கேட்டால் வயிறு எரிகிறது. அதைவிட எரிச்சல், அவர் சொன்னது பாதி உண்மை என்பது. கட்டளையில் ஒரு சொல் கூடுதலாகத் தட்டப் பஞ்சிப்பட்ட சோம்பேறி நான்தான்.

வெளியே வாங்கிலில் காத்திருந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதை அன்றே தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். இன்றைக்கும் எவராவது என்னிடம் எதையாவது சுருக்கித் தரச்சொல்லிக் கேட்டால், லாச்சியைத் திறந்து அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

"அப்ப நான் ஒண்டும் கேளாமல் இருந்திருந்தா, எங்களுக்கு அந்த அறை வந்திருக்கும், என்ன தம்பி?"