பெயர் சொல்லக் கூடாத குவாரி

“கல்லையும் தண்ணியையும் படம் புடிக்கவா உன்னைப் படிக்க வச்சோம்?” என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதல் சம்பளத்தில் வாங்கிய கேமராவை, வேலை போய்விட்டதால், இன்று விற்கப் போகிறேன்.

தாம்பரத்திலிருந்து கீழ்க்கட்டளைக்குப் போகும் வழியில், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் கடைசிப் படத்துக்காக வண்டியை நிறுத்துகிறேன். விடிந்தும் வெயில் இறங்காத பள்ளம். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. கேமராவை வாங்குபவருக்கு போன் போடுகிறேன். “சார், சுகந்தி பேசுறேன். வந்துகிட்டே இருக்கேன்.”

போனை வைத்த பிறகு எதிர்ப்பாறை “சுகந்தி” என்கிறது. அது என் குரல் போல இல்லை.

ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போட்டிருக்கும் லுங்கிக்காரர் இரண்டு முறை கைதட்டுகிறார். “இங்க பேர் சொல்லாதம்மா. ஆள கூப்டணும்னா நாங்க கைதான் தட்டுவோம். பேரக் கேட்டா கல்லு வச்சிக்கும்.”

“அப்போ அண்ணி உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“அது எங்கயும் பேர் சொல்லாது. ‘யோவ்’தான்.”

சிரிக்கிறேன், ஆனால் கை நடுங்குகிறது. வேலை போன நாளிலிருந்தே இப்படித்தான். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோய், படம் கலங்காதிருக்க மூச்சை அடக்குகிறேன். எதிர்க்கரையில் யாரும் இல்லை, காற்றும் இல்லை. ஆனாலும் அங்கிருந்து தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்து என்னை நோக்கி வருகிறது. பயம் போகவில்லை. கையின் நடுக்கம் மட்டும் நின்றிருக்கிறது. படம் எடுக்கிறேன்.

கேமராத் திரையை எட்டிப் பார்த்த தூண்டில்கார அண்ணன், “நம்ம பள்ளமா இது? சோக்கா கீதே” என்கிறார்.

விற்கவில்லை என்று வாங்குபவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அடுத்த படத்துக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பாறையில் இறங்கி நிற்கிறேன்.