ஸ்டோர் ரூமில் இருந்த மஞ்சள் பாட்டில்

அறிவியல் கல்லூரிக்கு டீனாக நான் பொறுப்பேற்றதும் துணைவேந்தர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அடுத்த கூட்டத்தில் என் முன்னுரிமைகளைத் துறைத்தலைவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். லிங்கராஜபுரத்து வீட்டில் உட்கார்ந்து ஸ்லைடுகள் தயாரித்தேன். தரவரிசை, புதிய பாடப்பிரிவுகள், கம்பெனிகளோடு கூட்டு ஆய்வு என்று எல்லா டீன்களும் சொல்வதைத்தான் நானும் எழுதியிருந்தேன். பேசுவதற்கு முன் துறைகளை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று வேதியியலில் தொடங்கினேன். அது என் சொந்தப் பாடம்.

துறைத்தலைவர் மென்மையாகப் பேசுகிற கன்னடக்காரர். பெரிய ஆய்வகத்தில் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிவிட்டு அடுத்த அறையின் கதவைத் திறந்தார். ரசாயனங்கள் வைக்கும் ஸ்டோர். "நீங்க வர்றீங்கன்னு க்ளீன் பண்ணச் சொல்லியிருக்கேன் மேடம்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

உள்ளே ஆய்வக உதவியாளர் ஒருவர் நின்றிருந்தார். பொம்மனஹள்ளியிலிருந்து வருகிற தமிழர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அலமாரியின் பின்வரிசையில் கிடந்த பாட்டில்களை மேஜைக்கு இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூடிமேல் துணியைச் சுற்றித் திருகப் போனார்.

பாட்டிலின் அடியில் மஞ்சளாகக் காய்ந்த கட்டி. மூடியின் விளிம்பிலும் அதே மஞ்சளில் பொடிப்பொடியாகப் படிகங்கள். லேபிளில் பாதி எழுத்து அழிந்திருந்தது. மீதியைப் படித்தேன். பிக்ரிக் அமிலம். ஈரமாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. காய்ந்துவிட்டால் அது வெடிமருந்து. மூடியின் மரையில் சிக்கிய படிகம் லேசாக உரசினாலே போதும்.

கத்தினால் அவர் திடுக்கிட்டுக் கையை ஆட்டிவிடுவார்.

"அண்ணா," என்றேன் மெதுவாக, "திரும்பாதீங்க. மூடியை விட்டுடுங்க."

"இறுகிப்போச்சு மேடம். கொஞ்சம் அழுத்தித் திருகினா வந்துடும், கழுவி வச்சிடலாம்."

"வேணாம். ரெண்டு கையையும் மெதுவா எடுங்க. எடுத்துட்டு என்கிட்ட வாங்க."

எடுத்தார். வந்தார். கதவை நானே சாத்தினேன். தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை எதற்கோ சிரித்தது கேட்டது.

"தேர்வை நிறுத்துங்க. கட்டடத்தைக் காலி பண்ணணும்" என்றேன்.

துறைத்தலைவர் தயங்கினார். "மேடம், அது ரொம்ப வருஷமா அங்கேயே இருக்கு. ஒண்ணும் ஆகலையே. பாதி எக்ஸாம்ல எழுப்பினா பிரச்சினை ஆயிடும்."

அந்த ஒரு நிமிடம் எனக்கு வேறொரு பயமும் வந்தது. நான் தவறாகப் பார்த்திருந்தால்? கட்டிக்குள் ஈரம் இருந்தால்? வந்த வாரத்திலேயே ஒரு பாட்டிலைக் கண்டு கல்லூரியைக் காலி செய்த டீன் என்று ஊரே சிரிக்கும். திரும்பப் போய் உற்றுப் பார்க்க நினைத்தேன். போகவில்லை. "நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். போலீசுக்கு நானே போன் செய்தேன். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வரும்வரை விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்று அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் என் பக்கத்தில் நின்றார். துடைக்கும் துணி இன்னும் அவர் கையில் இருந்தது. "அதைக் கீழே போட்டுட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாங்க" என்றேன். அவர் திடலோரக் குழாய்க்குப் போனார்.

பாட்டிலை மணல் நிரப்பிய பெட்டியில் வைத்துப் பின்பக்கக் காலிமனைக்குக் கொண்டுபோனார்கள். மணல்மூட்டைகளுக்கு நடுவில் வைத்து வெடிக்க வைத்தார்கள். சத்தம் வந்தபோது மரங்களிலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பிள்ளைகளின் முணுமுணுப்பு நின்றது. துறைத்தலைவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மாலை துணைவேந்தர் கூப்பிட்டார். "நல்ல காரியம் பண்ணீங்க. ஆனா அட்மிஷன் நேரம், இதைப் பெரிசாக்க வேண்டாம்" என்றார். வீட்டில் கணவர் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சமையலறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

கூட்டத்தில் ஸ்லைடு எதையும் காட்டவில்லை. இந்தக் கல்லூரியில் பூட்டிக்கிடக்கும் ஒவ்வொரு அலமாரியிலும் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை எனக்கு வேறு முன்னுரிமை இல்லை என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை. துணைவேந்தர் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்தக் கோடை முழுவதும் வெளியிலிருந்து ஆள் வரவழைத்து அலமாரிகளைத் திறந்தோம். கெட்டுப்போன ஈதர், மூடி அரித்த அமிலம், பேரே இல்லாத டப்பாக்கள். யாருக்கும் அடிபடவில்லை.

இடையில் ஒருநாள் உதவியாளர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே கேட்டார். "அன்னிக்கு நான் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும் மேடம்?"

மழுப்பத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "கை போயிருக்கும். உயிரும் போயிருக்கலாம்" என்றேன்.

தலையாட்டினார். "வீட்ல இன்னும் சொல்லல. லைப்ரரி பக்கம் மாத்திக் குடுங்க மேடம். அந்த ரூமுக்குள்ள இனிமே என்னால போக முடியாது."

"என்னாலயும் முடியல அண்ணா" என்று சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டிருக்கும்போதே மாற்றல் உத்தரவை டைப் செய்யச் சொன்னேன்.