மருமகன்கள் பேசும் இடம்

லைட்டன் முஹிவா கூட்டத்தைக் குலைத்தவர் என்று ஓர் அறிக்கை சொல்கிறது. நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி: ‘தன்னார்வலரே தற்கொலைத் தடுப்புப் பிரசாரத்துக்கு எதிராகப் பேசினார். ஆண்கள் ஆர்வம் காட்டவில்லை.’ அடியில் ஊர்க் குழுச் செயலாளர் என்று என் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. அந்தக் கையெழுத்து நான் இட்டதன்று. அன்று மாமரத்தடியில் நான் எழுதிய கூட்டக் குறிப்பை ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. அது என்னிடமே உள்ளது. அதை வைத்தே லைட்டனைப் பற்றி எழுதுகிறேன்.

லைட்டன், தியோலோவின் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பிறந்தவர். இருபத்திரண்டாம் வயதில் எலுபியைக் கட்டிக்கொண்டு, எங்கள் பலோம்பேயில் அவள் தாயின் நிலத்தில் குடியேறினார். எங்களிடம் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போகிறான். தான் அறுத்த செங்கல்லால் தானே வீடு கட்டுவான். வீடு மனைவியுடையது. லைட்டன் அறுத்த செங்கல் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் இருக்கிறது. சிரித்தால் அடுத்த ஊர்வரை கேட்கும். அந்தச் சிரிப்புக்காகவே பிரசாரக்காரர்கள் அவரைத் தன்னார்வலராக்கி, மஞ்சள் சட்டையும் ஒரு சைக்கிளும் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி கூட்டம். மரத்தில் சுவரொட்டி தொங்கியது: பாதி இருளில் ஓர் ஆண் முகம், கீழே ‘ஆண்மகனே, வாய் திற’. முன்வரிசைப் பாய்களில் தாய்மார்கள். பின்னால் மரவேர்களின் மேல் ஆண்கள், இருபத்தேழு பேர். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி சிகோபா, ஆண்களை நேராகப் பார்த்தார்.

“மனசுல இருக்கறத அடக்கி வெச்சு ஆம்பளைங்கதான் அதிகமா சாகறீங்க. இன்னைக்கு இங்கயே, உங்க வீட்டுப் பெரியவங்க முன்னாடியே சொல்லுங்க. அழுதாலும் தப்பில்ல.”

அவர் இரண்டாம் முறை கேட்டபோது லைட்டன் எழுந்தார்.

“மேடம், இங்க இருக்கற ஆம்பளைங்க எல்லாரும் இந்த ஊர் மருமகனுங்க. மாமியார் இருக்கற எடத்துல சோறே எறங்காது எங்களுக்கு. அழச் சொல்றீங்களே.”

பாய்களிலிருந்தே சிரிப்பு எழுந்தது.

“இந்த வெட்கம்தான் உங்களக் கொல்லுது,” என்றார் சிகோபா.

“இது வெட்கம் இல்ல மேடம், மரியாத. பேச வேணாம்னு நான் சொல்லல. எடத்த மாத்துங்கன்னுதான் சொல்றேன்.”

என் குறிப்பில் உள்ளது இவ்வளவுதான். ஒன்பது நாள் கழித்து, லைட்டன் இனித் தன்னார்வலர் அல்ல என்று ஒரு கடிதம் வந்தது. சட்டையையும் சைக்கிளையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

லைட்டனுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்றிருந்தது. அன்று எல்லோரும் சிரித்தபோது சிரிக்காத மருமகன் ஒருவர் இருந்தார். பெயர் கனிசானி, நகோமா அம்மாளின் மகள் தெரேசாவின் கணவர். அதற்கு முந்தின வாரம் அவர் தம் ரேடியோவை லைட்டன் கையில் கொடுத்து, “நீயே வெச்சுக்க, எனக்கு இனிமே வேணாம்,” என்றிருந்தார். தம் மண்வெட்டியையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். விதைப்புக் காலம் வரப்போகும்போது மண்வெட்டியைக் கொடுக்கிற ஆளை லைட்டன் அதுவரை பார்த்ததில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் ஊரில் ஒரு துக்கம். துக்க வீட்டுக்கு விறகு வெட்டுவது என்னைப் போன்ற மருமகன்களின் வேலை. மலையேறினால் மாமியார் காதுக்கு எதுவும் எட்டாது. அங்கே நாங்கள் ஒருவரையொருவர் சகலை என்று அழைத்துக் கேலி பேசுவோம்.

“சகல, உன் கோடாலி உன்ன மாதிரியே மொண்ண,” என்று ஒருவர் தொடங்கினார்.

“உன் மாமியார்கிட்ட சொல்லித் தீட்டிக்கிறேன்,” என்றார் லைட்டன். சொல்லிக்கொண்டே கனிசானியின் கோடாலியை வாங்கி என்னிடம் நீட்டிவிட்டு, அவரை ஒரு மரத்துண்டின் மேல் உட்காரவைத்தார்.

“ரேடியோவ எதுக்குய்யா எனக்குக் குடுத்த?”

“சும்மாதான்.”

“சாகலாம்னு நெனைக்கிறியா?”

யாரிடமும் அப்படி நேராகக் கேட்டு நான் கண்டதில்லை. கனிசானி மரப்பட்டையை உரிக்கத் தொடங்கினார். “ஆமா,” என்றார். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. மாவட்ட மருத்துவமனையில் சோதித்து, குறை அவரிடம்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டு மூன்று மாதமாக அவர் சட்டைப் பையில் இருந்தது. “அத்த என்ன ஊருக்கு அனுப்பிடுவாங்க, சகல. எங்க ஊர்ல எந்த மூஞ்சியோட நிப்பேன்?”

லைட்டன் பொய் ஆறுதல் சொல்லவில்லை. “அனுப்புவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. நீ அவங்ககிட்ட சொல்ல முடியாது, நானும் முடியாது. உன் பக்கம் நின்னு கல்யாணம் பேசி முடிச்ச தாய்மாமன் இருக்காரே, அவரு சொல்லட்டும். நான் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நீ தனியா இருக்கக் கூடாது.”

இதையெல்லாம் எழுதக் கனிசானி சம்மதித்துக் கையெழுத்திட்ட தாள் என்னிடம் உள்ளது.

அன்றிரவு கனிசானி என் வீட்டில் தங்கினார். தெரேசாவும் வந்திருந்தாள். லைட்டன் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தாய்மாமன் வசிக்கும் சில்வா ஏரிக்கரைக்கு முப்பது கிலோமீட்டர் மிதித்தார். மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தாய்மாமனைப் பின்னிருக்கையில் வைத்துத் திரும்பினார்.

வழக்கப்படி மாமன் நகோமா அம்மாளின் முற்றத்துப் பாயில் அமர்ந்தார். லைட்டனும் நானும் கனிசானியோடு வீட்டின் பின்சுவரை ஒட்டி நின்றோம். முகம் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். மாமன் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பாயில் வைத்தார்.

நகோமா அம்மாள் அதைத் தொடவில்லை என்று அவர் பிறகு எங்களிடம் சொன்னார்.

“சம்பந்தி, மூணு மாசமா எம்பொண்ணு தூங்கல. ராத்திரி இவரு கதவத் தொறந்து போயிடுவாரோன்னு வாசல்லயே படுத்துக் கெடக்கறா. அந்த மரத்தடிக்கு வந்தவங்க ஆம்பளைங்களப் பேசுங்க பேசுங்கன்னாங்க. அவள ஒரு வார்த்த கேட்டாங்களா? எனக்கும் தெரியும் ஒரு ஆளு வாடறாருன்னு. மருமகன் மூஞ்சியப் பாத்து நான் எப்படிக் கேக்கறது?”

“அப்ப இவன அனுப்பப் போறீங்களாம்மா?”

“அனுப்பவா? எம்பொண்ணு வேணாம்னு சொன்னாளா? அவ சொல்லாம இந்த வீட்ல யாரு யார அனுப்பறது?” சுவர் தாண்டிக் கேட்க வேண்டுமென்றே அவர் குரலை உயர்த்தினார். “மருமகன்கிட்ட சொல்லுங்க சம்பந்தி. பின்பக்கக் கூர ஒழுகுது. மழைக்கு முன்னாடி அவருதான் மேயணும். வேற யாரு மேஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

கனிசானி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் அழுததை நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். பிறகு, மாமியாரிடம் அல்ல, மாமனிடம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்: “மாமா, நாளைக்கே புல்லு அறுக்கப் போறேன்னு சொல்லுங்க.”

“நாளைக்கு ஆஸ்பத்திரி,” என்றார் லைட்டன். “உன் சாகற நெனப்ப டாக்டர்கிட்ட சொல்லணும், நானும் தெரேசாவும் கூட வரோம். புல்லு நாளன்னைக்கு.”