மாமா ரிலீவுக்கு வந்த நாள்

எங்கள் மகள் பிறந்தவுடன் அழவில்லை. ஜெர்மனியில் பிரசவ அறைக்குள் கணவனையும் விடுவார்கள் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சில நொடிகளில் ஏன்தான் உள்ளே வந்தோமோ என்றாகிவிட்டது. நீலம் பாரித்திருந்த அந்தச் சின்ன உடம்பை ஓரமாகக் கொண்டுபோய் முதுகைத் தேய்த்தார்கள், மூக்கருகே ஒரு குழாயைப் பிடித்தார்கள். அவர்கள் யாரும் பதறவில்லை. எங்களிடம் எதுவும் சொல்லவும் இல்லை. பிறகு ஒரு தும்மல், அதன் பின்னால் ஓர் அழுகை. சற்று முன்புவரை உலகத்திலேயே இல்லாத ஒருத்தி எங்கள் மேல் கோபப்படுகிறாள்! சொன்னால் சிரிப்பீர்கள், நான் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அங்கிருந்த டாக்டர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை, பதிலுக்கு அவரும் லேசாகத் தலையைக் குனிந்தார்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதோடு அந்தப் பயம் போய்விட்டது. என் மனைவிக்குப் போகவில்லை. தொட்டிலை ஜன்னலோரம் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த குழந்தைகள் நடுவில் ஒரு மூச்சை நிறுத்தித்தான் எடுக்கும், அது இயல்பு என்று மருத்துவச்சி படம் போட்டு விளக்கினார். இவளும் என்னைப் போல இன்ஜினியர், கேட்டுத் தலையாட்டினாள். ஆனால் ஒவ்வொரு முறை அந்த மூச்சு நிற்கும்போதும் இவள் மூச்சும் சேர்ந்து நின்றது. நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். படுப்பாள், போர்வைக்குள்ளிருந்து கண் இரண்டும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் இருமினால்கூட எழுந்துவிடுவாள்.

பிரசவமான வீட்டுக்கு மருத்துவச்சி நாள்தோறும் வந்து பார்ப்பது அந்த நாட்டு வழக்கம். எங்களுக்கு வந்தவர் அதிகம் பேசாத பெண்மணி. ஒருநாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்த வாரக் கடைசிக்குள் இவள் நன்றாகத் தூங்காவிட்டால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்கவேண்டும், அங்கே குழந்தையையும் கூட வைத்துக்கொள்ள இடம் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். குழந்தையைப் பிரித்தால் இவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் நம்பிக்கையெல்லாம் ஊரிலிருந்து வரப்போகும் மாமியார் மேல் இருந்தது. அவரோ கிளம்புவதற்கு முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். விசா அவருக்கும் மாமனாருக்கும் வந்திருந்தது. அதனால் மாமியாரின் பெட்டியை எடுத்துக்கொண்டு மாமனார் மட்டும் வந்து இறங்கினார். பெட்டி நிறைய பிரசவ லேகியம், பூண்டு, வறுத்த முந்திரி. எதை எப்போது கொடுப்பது என்று மனிதருக்குச் சுத்தமாகத் தெரியாது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புக் குடும்பம். இளம் வயதிலேயே நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் ஆகி, மண்ணை அரிந்து தள்ளும் ராட்சதச் சக்கர மெஷினை ரிட்டயர் ஆகும்வரை ஓட்டியவர். இப்போது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். லீவுக்கு வந்த நான் அந்த வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் அனுமதி வாங்கி என்னைச் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துப் போனார். கீழே ஊர் அகலத்துக்குப் பள்ளம். அதற்குள் ஓர் அடுக்குமாடி வீடே நகர்வதுபோல அந்த மெஷின் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்தேன். அவர், சாப்பிடப் போகலாமா மாப்ள என்றார்.

அந்த மெஷினின் சீட் பற்றி என் மனைவிக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. சீட்டில் இருப்பவர் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. அடுத்த ஷிஃப்டுக்கு வரும் ரிலீவர் மேலே ஏறி வந்து பக்கத்தில் நிற்கவேண்டும். எந்த இடத்தில் மண் ஈரம், எந்தப் பக்கம் சத்தம் மாறிக் கேட்கிறது, எதில் கண் வைக்கவேண்டும் என்று உட்கார்ந்திருப்பவர் சொல்ல, வந்தவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லவேண்டும். கடைசியில் "எடுத்துக்கிட்டேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் இவர் இறங்கலாம். இதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பெயர். ரிலீவர் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டும் இவர் தலையில்தான். ஒரு தீபாவளிக்கு இவள் புதுப்பாவாடையோடு குவார்ட்டர்ஸ் கேட்டில் காத்திருந்து காத்திருந்து, அப்பா வராமலே வெடியெல்லாம் தீர்ந்துபோனதாம். காதலித்த காலத்திலேயே எனக்குச் சொல்லப்பட்ட கதை அது.

அப்படிப்பட்டவர் பேத்தியைத் தூக்க மாட்டேன் என்றுவிட்டார். "நம்ம கை மொரட்டுக் கை மாப்ள, பயமா கீது" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிலை எட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து சோபா நுனியில் உட்கார்ந்துகொள்வார். மாமியார் போனில் பிடிபிடியென்று பிடித்தார். அங்கே போய்ச் சும்மா உட்காருவதற்கா உங்களை அனுப்பினேன் என்று. மருத்துவச்சி சமையலறையில் சொன்னதை நான் அவரிடம் சொன்னதும் முகம் கறுத்துவிட்டது. உடனே மகளிடம் போய், தூங்கும்மா, நாங்கல்லாம் இருக்கோமில்ல என்றார். அவள் தொட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு என்னப்பா தெரியும்? நான் பொறந்தப்போ நீங்க மைன்ஸ்ல இருந்தீங்க."

மாமா பால்கனிக்குப் போய்விட்டார். கோடைக்காலம், அந்த ஊரில் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பசிக்கவில்லை என்றார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவரைப் பார்த்து நான் திகைத்தேன். வீட்டில் எந்நேரமும் லுங்கியோடு இருப்பவர், பேன்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். ஷூ வேறு. எங்கே கிளம்பிவிட்டாரோ, ஊருக்கே திரும்புகிறாரோ என்று பயந்தேன். நேராகப் போய் மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை.

"ரிலீவுக்கு வந்துருக்கேம்மா. சார்ஜ் குடு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. பயப்படாதே என்றோ, ஒன்றும் ஆகாது என்றோ சொல்லவில்லை. நானும் மருத்துவச்சியும் அதைத்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த வேலை கவனமாகப் பார்க்கவேண்டிய வேலைதான், விட்டுவிட்டு இறங்க முடியாததுதான் என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்.

அவள் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை இப்போதுதான் பால் குடித்தாள். இடது பக்கம் சாய்ந்தால் மூக்கு கரகரவென்று கேட்கும், திருப்பிவிட வேண்டும். நடுவில் ஒரு மூச்சு நிற்கும், பதறக்கூடாது, நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும். வராவிட்டால் உள்ளங்காலைச் சுண்டவேண்டும். அழுதால் தூக்க வேண்டும், கழுத்துக்குக் கீழே கை கொடுத்து. மாமா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். கழுத்து விஷயத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். சொல்லச் சொல்ல அவள் குரல் தழைந்துகொண்டே வந்தது, கடைசியில் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"எடுத்துக்கிட்டேன்," என்றார் மாமா. "நீ எறங்கு."

அவள் எழுந்தாள். உள்ளே போய்ப் படுத்தவள் கதவைச் சாத்தச் சொன்னாள்! குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கதவு மூடப்பட்டது அன்றுதான். நான் காதை வைத்துக் கேட்டேன். குறட்டை. கல்யாணமான நாளிலிருந்து நான் கேலி செய்யும் அதே குறட்டை. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று பகல் முழுக்க மாமா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. போனைத் தொடாமல், அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எடுத்துவைத்திருந்த தாய்ப்பாலை நான் சூடாக்கிக் கொடுக்க, முரட்டுக் கை என்று பின்னால் கட்டிவைத்திருந்த கைகளில் முதல்முறையாகப் பேத்தியை வாங்கினார். கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத்தான். தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோனேன், அப்புறம் என்று கண்ணால் சொன்னார். மருத்துவச்சி வந்தார், மூடிய கதவையும் ஷூ போட்டு உட்கார்ந்திருந்த மனிதரையும் பார்த்தார், உதட்டில் விரல் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். சுரங்கத்து விளிம்பில் அன்று வாயைப் பிளந்தேனே, அது ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன உயிரின் மூச்சுக்கு ஒரு பெரிய உடம்பு இப்படிக் கட்டுப்பட்டு உட்கார முடியும் என்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு அவள் எழுந்து வந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, ஆனால் கண்ணில் பழைய ஆள் திரும்பி வந்திருந்தாள். நேராகத் தொட்டிலுக்குப் போகாமல், நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

மாமா தொட்டிலைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "பால் அஞ்சு வாட்டி குடிச்சா. அப்பால கொஞ்சம் கக்கினா, தொடச்சிட்டேன். மூச்சு நின்னு நின்னுதான் வருது, நீ சொன்ன மாரியே. பயம் ஒண்ணும் இல்ல." குனிந்து பேத்தியின் போர்வையைச் சரிசெய்தார். "தூங்கிகினு இருக்கசொல்ல ஒரு வாட்டி சிரிச்சா. நீயும் இப்டித்தான் சிரிச்சிருப்ப. நா அத பாக்கலயேம்மா."

அவள் குனிந்து அவர் தோளில் கை வைத்தாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"எடுத்துக்கிட்டேன்ப்பா. எறங்குங்க, போய்ச் சாப்பிடுங்க," என்றாள். "நாளைக்கும் காலையில உங்க ஷிஃப்டுதான்."