மதிலைத் தாண்டிய கொப்பு

கொழும்பில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது மாம்பூ மணத்தது. அந்தத் தெரு முழுக்க மரங்கள்.

தொண்ணூறுகளில் சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கியிருந்தன. மரம் வைக்க இடமில்லை. மூலை வீட்டு ஹாஜியாரின் வளவில் மட்டும் ஒரு மாமரம் நின்றது. அதன் கொப்பொன்று மதிலைத் தாண்டி ஒழுங்கைக்கு நிழல் தந்தது. எங்கள் தகரக் கூரை கொதிக்கும் பகல்களில், உம்மா கைக்குழந்தையான தம்பியோடு அங்கே போய் இருப்பார். அயல் பெண்களும் வந்து கூடிக் கதைப்பார்கள்.

ஒருநாள் ஹாஜியார் வீட்டார் அந்தக் கொப்பை வெட்டிவிட்டார்கள்.

“என்னத்துக்கு உம்மா வெட்டின?”

“நாம கதைக்கிற சத்தம் அவங்களுக்குக் கரைச்சலாம் மகள்.”

அதன் பிறகு பெண்கள் அவரவர் வீட்டுக்குள் அடங்கிவிட்டார்கள். உம்மா இன்னும் பேச்சு வராத தம்பியிடம் பகல் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தார். இடையிடையே, அவன் பதில் சொல்வான் என்பதுபோல நிறுத்திப் பார்ப்பார்.