தனிக்குடித்தனம் கேட்க எழுதிய டைரி

இன்று விழுப்புரம் பஸ்ஸில் அமலாவைப் பார்த்தேன். எண்பத்தெட்டில் திண்டிவனத்தில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவர்கள் நாங்கள்.

புதிதாகக் கல்யாணமான அவர், தனிக்குடித்தனம் கேட்க ஆதாரம் வேண்டும் என்று, மாமியார் செய்வதையெல்லாம் தினமும் சென்டர் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டி டைரியாக எழுதினார்.

கட்டளை நான் சொன்னது. ஒவ்வொரு நாளும் அது முந்தைய நாளை அழித்துவிட்டுத்தான் எழுதும் என்பது எனக்கே தெரியாது. எட்டு மாதம் கழித்துத் திறந்தால் கடைசி நாள் மட்டும் இருந்தது.

"இன்னும் கோவமா மேடம்?" என்றேன்.

"பின்ன? அந்தக் கடைசி நாளன்னிக்குன்னு பாத்து மாமியார் எனக்கு மல்லாக்கொட்டை வறுத்துக் குடுத்தாங்க சார். அத எடுத்துக்கினு போயி வீட்டுக்காரர்கிட்ட இன்னான்னு கேக்கறது?"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, இன்னிக்கி வரைக்கும் அவங்களோடதான் இருக்கறேன்."

நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? மருமகள்கள் மட்டும் சொல்லவும்.